உறுப்புக் கொடை கேட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டா மாவட்டங்களின் மருத்துவமனைகளில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராகப் புதிதாகச் சேருகிறவர்களில் பலர் சமூகப்பணி படித்து முடித்த கையோடு வருகிறவர்கள், சிலர் செவிலியர்கள். எந்தப் படிவத்தை நிரப்புவது, தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்துக்கு எப்போது தகவல் சொல்வது என்பதையெல்லாம் சில வாரங்களிலேயே கற்றுக்கொள்கிறார்கள். படிவத்தில் வரும் பிழையை மேலே இருப்பவர் யாராவது திருத்திவிடுவார் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. நாங்கள் இந்த வேலைக்கு வந்த காலத்தில் சுற்றிலும் நடந்த சில தவறுகள் இன்றைய பிள்ளைகளிடமும் அச்சு மாறாமல் திரும்பி வருகின்றன. அவற்றில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. ஆகவே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

இறந்துவிட்டார் என்று புரிவதற்குள் கொடை கேட்பது

மூளைச்சாவு எப்படி உறுதி செய்யப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தவறு நுழைகிற இடம் அதுதான். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சோதித்துக் கையொப்பமிட வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவைச் சேர்ந்த எவரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் கண்ணின் பாவை சுருங்குகிறதா, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமை அசைகிறதா, காதுக்குள் குளிர்ந்த நீரை விட்டால் விழி நகர்கிறதா, தொண்டைக்குள் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சும்போது இருமல் எழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றித் தானாக மூச்சு வருகிறதா என்று காத்திருப்பார்கள். குறைந்தது 6 மணி நேரம் கழித்து இத்தனையையும் மறுபடி செய்வார்கள். இரண்டாம் சோதனை முடிந்து, நால்வரும் கையெழுத்திட்ட பிறகே அவர் இறந்தவர்.

அந்த 6 மணி நேரம் குடும்பத்துக்கு உரியது. புதிதாக வந்தவர்கள் அதை எப்படியோ தங்களுக்குக் கிடைத்த அவகாசமாக எண்ணிக்கொள்கிறார்கள்.

சம்பா அறுவடை முடிந்து, தார்ச்சாலையின் பாதியில் நெல்லும் வைக்கோலும் காய்ந்துகொண்டிருந்த மாதத்தில், மன்னார்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் இரவில் பைக்கில் வந்து நெல்லின் மேல் சறுக்கி விழுந்தார். தலைக்கவசம் இல்லை. இரண்டு நாள் ஐசியுவில் இருந்தார். முதல் சோதனையில் எந்த அசைவும் இல்லை. அந்த மருத்துவமனையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒருங்கிணைப்பாளர், மருத்துவர் வெளியே வந்து "மூளை செயல்படவில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்த அதே இடத்தில், ஐசியு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்த அந்த நடையில் நின்றபடியே, எட்டுப் பேர் காப்பாற்றப்படலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். தகப்பனாருக்கு அதுவரை சொல்லப்பட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: நிலைமை கவலைக்கிடம். அவர் சத்தம் போடவில்லை. "இப்பத்தான் உள்ள போயிப் பாத்துட்டு வரேன் தம்பி, நெஞ்சு ஏறி எறங்குது, கையெல்லாம் சூடா இருக்கு, அதுக்குள்ள அறுக்கக் கேக்குறீங்களே" என்று மட்டும் கேட்டார். மாலையில் இரண்டாம் சோதனையும் முடிந்தது. குடும்பம் மறுத்துவிட்டது, அவர்கள் மறுத்ததில் நான் எந்தக் குற்றமும் காணவில்லை.

இழப்பு அதோடு நிற்கவில்லை. பிறகு அந்த வட்டாரத்திலிருந்து வந்த வேறு குடும்பங்கள் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன; "அடிபட்டுப் போனா பொழைக்க வைக்க மாட்டாங்க, எடுக்கத்தான் பாப்பாங்க" என்ற பேச்சு பதினாறாம் நாள் காரியத்துக்குள் டீக்கடைக்கு டீக்கடை பரவியிருந்தது. ஒருவர் காட்டிய அவசரத்துக்கு விலை கொடுத்தவர்கள், எங்கோ டயாலிசிஸ் கட்டிலில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை படுத்து எழுகிற, அந்த இளைஞரின் பெயரைக்கூட அறியாத நோயாளிகள்.

2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரனின் பெற்றோர் எடுத்த முடிவுதான் தமிழ்நாட்டில் உறுப்புக் கொடையை வீடுதோறும் பேச வைத்தது. அவர்கள் இருவருமே மருத்துவர்கள் என்பதைப் புதியவர்களுக்கு நான் தவறாமல் நினைவூட்டுகிறேன். இதயம் துடித்துக்கொண்டிருக்கும் மகன் இறந்துவிட்டான் என்பது என்னவென்று அவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூத்தாநல்லூரிலோ முத்துப்பேட்டையிலோ இருந்து வருகிற குடும்பம் அதைச் சில மணி நேரத்துக்குள் முதன்முதலாகக் கேள்விப்படுகிறது. இதயத்துக்குத் துடிப்பைக் கொடுக்கும் இடம் இதயத்துக்குள்ளேயே இருக்கிறது, ஆக்ஸிஜன் கிடைக்கிற வரையில் மூளையின் உத்தரவு இல்லாமலே அது கொஞ்ச காலம் துடிக்கும், மூச்சை விடுவது இயந்திரம் என்பதை நிதானமாக, உட்கார வைத்து, இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் சிகிச்சை அளித்த மருத்துவர். ஒருங்கிணைப்பாளர் அப்போது பக்கத்தில் இருக்கலாம். வாயைத் திறக்கக் கூடாது.

இதற்கு நான் கண்ட வழிகளில் நம்பகமானது, குடும்பத்தில் ஒருவர் மனத்திடத்தோடு விரும்பிக் கேட்டால், மருத்துவரின் சம்மதத்தோடு அவரை இரண்டாம் சோதனையின் மூச்சுப் பரிசோதனைக்கு உள்ளே அழைத்துச் செல்வது. வென்டிலேட்டர் கழற்றப்படும், ஆக்ஸிஜன் மட்டும் மெல்லிய குழாய் வழியே போய்க்கொண்டிருக்கும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்தைத் தாண்டும்வரை, ஏறக்குறைய எட்டு பத்து நிமிடம், எல்லோரும் அந்த நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உயிருள்ள மூளை எவ்வளவு அடிபட்டிருந்தாலும் அந்த அளவில் ஒரு மூச்சாவது இழுத்துவிடும். ஒருமுறை தாய்மாமன் ஒருவர், மூடியிருந்த துணியைத் தானே விலக்கி, மருமகனின் விலாவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றார். வெளியே வந்து அக்காவிடம் அவரே சொன்னார். நாங்கள் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூளைச்சாவுக்குப் பிறகும் தண்டுவடத்தின் அனிச்சைச் செயலால் விரல் அசையலாம், கால் மடங்கலாம், அரிதாகக் கையே உயரலாம். இதை அறியாத தாய் அதைப் பார்த்துவிட்டால், அதுவரை எடுத்துச் சொன்ன எல்லாம் அந்தக் கணத்தில் பொய்யாகிவிடும். உள்ளே வேலை செய்பவர்களின் பேச்சும் அப்படித்தான்: "பிபி நல்லா இருக்கு, பேஷன்ட் ஸ்டேபிளா இருக்கார்" என்று ஒரு செவிலியர் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டுப் போனால், அண்ணனுக்குப் பிழைப்பான் என்ற நம்பிக்கை திரும்பிவிடும். பணிமாற்றத்தின்போது அடுத்து வருகிற செவிலியரிடம் இதைச் சொல்லி வைப்பதும் ஒருங்கிணைப்பாளரின் வேலை.

குடும்பம் அழுது, ஊருக்குத் தகவல் சொல்லி, "எப்ப வீட்டுக்குக் கொண்டுபோகலாம்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து வரும்வரை கொடையைப் பற்றிப் பேசக் கூடாது என்பதே என் தீர்மானமான கருத்து.

பாம்புக்கடியையும் பூச்சிமருந்தையும் மறந்துவிடுவது

வயல் சூழ்ந்த இந்தப் பகுதியில் இதைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். கட்டுவிரியன் கடித்தவர் இமையைத் தூக்க முடியாமல், மூச்சு நின்று, தொட்டால்கூட அசைவில்லாமல் வென்டிலேட்டரில் கிடந்து, சில நாள் கழித்து எழுந்து நடந்து வீட்டுக்குப் போவதுண்டு. கட்டுவிரியன் கடித்த தடம் பல நேரம் தெரிவதே இல்லை. இரவில் தரையில் படுத்திருந்தவர் காலையில் எழவில்லை என்றுதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பூச்சிமருந்து குடித்தவர்களும், தூக்க மருந்தின் பிடியிலோ உடல் குளிர்ந்தோ இருப்பவர்களும் இந்த வரிசையில் சேர்வார்கள். மூளைக்கு ஏற்பட்ட சேதத்தின் காரணம் திட்டவட்டமாகத் தெரிந்து, இவை எல்லாம் விலக்கப்பட்ட பிறகே மூளைச்சாவுச் சோதனை தொடங்க வேண்டும் என்பது விதி. முடிவு செய்வது மருத்துவர்கள்தான் என்றாலும், வாசலில் உறவினர் சொல்கிற "வயல்ல படுத்திருந்தான்" என்ற வார்த்தை ஒருங்கிணைப்பாளரின் காதில்தான் முதலில் விழும். அதை அப்போதே உள்ளே போய்ச் சொல்ல வேண்டும்.

மனைவியிடம் மட்டும் பேசுவது

சட்டப்படி நெருங்கிய உறவினரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் போதும். இறந்தவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரானால் பெற்றோரில் ஒருவர் கையொப்பமிட வேண்டும். ஆனால் நம் குடும்பங்களில் தாய்மாமனும் பெரியப்பாவும் வந்து சேராமல் ஒரு முடிவு முடிவாகாது. மனைவி கையெழுத்திட்டு, திருப்பூரிலிருந்து அண்ணன் நள்ளிரவில் வந்திறங்கி எல்லாவற்றையும் நிறுத்தியதைக் கண்டிருக்கிறேன். அதன் பிறகு அந்தப் பெண் அந்த வீட்டில் எப்படி வாழ்ந்திருப்பாள் என்பதையும் நாம்தான் யோசித்திருக்க வேண்டும். வர வேண்டியவர் யார் என்று முதலிலேயே கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

உறுதிமொழி அட்டையை நம்பிக்கொண்டிருப்பது

இறந்த பிறகு உறுப்புகளைக் கொடுப்பதாக ஒருவர் முன்பே ஒப்புக்கொண்ட அட்டை சட்டைப்பையிலேயே இருந்தாலும், நடைமுறையில் குடும்பம் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது.

உடலைப் பற்றிச் சொல்லாமல் விடுவது

கேட்க வெட்கப்படுகிற கேள்விகள்தான் மறுப்புக்குக் காரணமாகின்றன. உடலைக் குளிப்பாட்ட முடியுமா, பிறந்த வீட்டுக் கோடி போடலாமா, கண்ணைக் கொடுத்தால் முகம் விகாரமாகுமா, திதிக்கு எந்த நேரத்தைக் கணக்கில் கொள்வது? அறுத்த இடம் மற்ற அறுவை சிகிச்சைகளைப் போலவே தைத்து மூடப்படும், குளிப்பாட்டலாம், உடுத்தலாம். கண்ணைக் கொடுத்தாலும் முகம் விகாரமாகாது. சான்றிதழில் இறந்த நேரமாக இரண்டாம் சோதனை முடிந்த நேரம் வரும்; திதியை அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

விபத்தென்றால் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் உண்டு. 2021 நவம்பரிலிருந்து, உரிய வசதி உள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்ய மத்திய அரசு அனுமதித்திருக்கிறது. உறுப்புக் கொடைக்கு அதில் முன்னுரிமை உண்டு. கொலை, தற்கொலை போன்ற சந்தேகம் இருந்தால் இது பொருந்தாது. மொத்தமாக எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் குறைத்துச் சொல்லவே கூடாது, குறிப்பாக அன்றைக்கே அடக்கம் செய்ய விரும்பும் குடும்பங்களிடம். வெளியூர்க் குழு வந்துசேர ஓர் இரவு முழுதும் போகலாம்.

2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்த அரசு மரியாதையைச் சிலர் சம்மதம் வாங்கும் முன்பே ஆசைகாட்டுவதுபோல் சொல்கிறார்கள். சம்மதித்த பிறகு சொன்னால் குடும்பத்துக்கு அது ஆறுதல். முன்பே சொன்னால் பேரம்.

பணம்

பேசவே கூடாது, உறுப்பை விற்பதற்கும் வாங்குவதற்கும் 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறையும் 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பட்டியலில் இருப்பவரை மறந்துவிடுவது

ஒரு சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒருவருக்கு மேற்பட்டவர்களை அழைப்பது வழக்கம். கொடையாளரின் அணுக்களோடு நோயாளியின் ரத்தத்தைக் கலந்து பார்க்கும் சோதனையில் ஒத்துவராவிட்டால் அடுத்தவருக்குப் போகும். வேதாரண்யத்திலிருந்து நள்ளிரவில் கார் பிடித்துத் திருச்சிக்கு வருகிறவரிடம், திரும்பிப் போக நேரலாம் என்பதை அழைக்கும்போதே சொல்ல வேண்டும். இதயம் ஏறக்குறைய 4 மணி நேரமும், கல்லீரல் 12 மணி நேரமும், சிறுநீரகம் ஒரு நாளும்தான் வெளியே தாங்கும் என்பதால், அணைத்து வைத்த கைபேசிக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது எண்ணாக மகனுடையதோ பக்கத்து வீட்டுக்காரருடையதோ பதிவில் இருக்க வேண்டும்.

மாற்று முடிந்தவர்களிடம், புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை பற்றிச் சொல்லும்போது, அதன் அளவைப் பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வந்து, கொடுத்த பிறகே போட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பம்ளிமாஸ் பழமும் வேண்டாம், அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மூட்டுவலிக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், நாட்டு மருந்துச் சூரணம் இரண்டும் புதுச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

மறுத்தவரிடம் முகம் சுளிப்பது

கூடாது.

கொடுத்த பிறகு காணாமல் போவது

உறுப்புகள் போனதும் ஒருங்கிணைப்பாளரின் கைபேசி எடுக்கப்படுவதில்லை என்று குடும்பங்கள் என்னிடம் குறைப்பட்டிருக்கின்றன. விபத்து இழப்பீட்டுக்கு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று மூன்றும் வேண்டும். கருமாதி முடிந்த கையோடு கணவனை இழந்த பெண் இவற்றுக்காகக் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் அலைகிறாள். யாருக்கு வைத்தார்கள் என்றும் கேட்பாள். பெயரையும் ஊரையும் சொல்லக் கூடாது. நன்றாக இருக்கிறார்களா என்பதை விசாரித்துச் சொல்லலாம். அந்தச் சான்றுகளை வாங்கி அவள் கையில் கொடுக்கும் நாளில் அதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.