டர்பனில் இருந்துகொண்டு முதல் 500 ராண்டை முதலீடு செய்வது எப்படி

வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆன பிள்ளைகள் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் என்னைப் பார்த்தால் கேட்பது, "அக்கா, எந்த ஷேர் வாங்கட்டும்?" நான் திருப்பிக் கேட்பது, கடனில் வாங்குகிற துணிக்கடை அக்கவுண்டில் எவ்வளவு பாக்கி என்று. கடை அக்கவுண்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் ரெப்போ விகிதத்துக்கு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளிடம் வாங்குகிற வட்டி) மேல் 14 சதவீதம் வரை வட்டி வாங்கத் தென்னாப்பிரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, கூட்டினால் 20 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். வருஷா வருஷம் அவ்வளவு தரும் என்று எந்தப் பங்கைப் பற்றியும் யாராலும் உறுதி சொல்ல முடியாது. முதலில் அந்தப் பாக்கியைக் கட்டி முடியுங்கள். அப்புறம் இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தை உடனே எடுக்கிற மாதிரி வங்கியில் வையுங்கள், ஏனென்றால் கார் ரிப்பேருக்காகப் பங்கை விற்கிற நாள்தான் பெரும்பாலும் விலை விழுந்த நாளாக இருக்கும்.

சரி, இனி முதலீடு. 2015 மார்ச் 1 முதல் இருக்கிற டாக்ஸ் ஃப்ரீ கணக்கைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்வேன். அதற்குள் வருகிற வட்டி, டிவிடெண்ட், விற்ற லாபம் எதற்கும் வரி கிடையாது. வாழ்நாள் முழுவதற்கும் போடக்கூடியது 5,00,000 ராண்டு, வருஷத்துக்கும் தனி வரம்பு உண்டு, 2020இல் அதை 36,000 ஆக்கினார்கள், பட்ஜெட்டில் மாற்றக்கூடியது என்பதால் ஒவ்வொரு மார்ச்சிலும் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டிப் போட்டால், தாண்டிய தொகைக்கு 40 சதவீதம் வரி. இரண்டு இடத்தில் கணக்கு வைத்திருந்தாலும் வரம்பு ஒன்றுதான்.

பலர் கவனிக்காதது இதுதான்: எடுத்த பணத்தின் இடம் திரும்பி வராது. 10,000 போட்டு, தீபாவளிக்கு எடுத்து, ஜனவரியில் மறுபடி 10,000 போட்டால் உங்கள் வரம்பில் 20,000 போய்விட்டது. வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டுமென்றால் பணத்தை நீங்கள் எடுத்துக் கட்டாதீர்கள், அவர்கள் வழியாகவே மாற்றச் சொல்லுங்கள், 2018 மார்ச் முதல் அப்படி மாற்றலாம், வரம்பும் குறையாது.

நான் செய்த தவறையும் சொல்கிறேன். வங்கியில் டாக்ஸ் ஃப்ரீ என்று சொன்னதும் கையெழுத்துப் போட்டேன், மூன்று வருஷம் கழித்துத்தான் அது வெறும் வைப்புக் கணக்கு என்று புரிந்தது. 65 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு 23,800 ராண்டு வரை உள்ளூர் வட்டிக்கு எப்படியும் வரி கிடையாது, ஆக எனக்கு அந்தச் சலுகையால் ஒரு காசும் மிச்சமாகவில்லை. மூன்று வருஷ வரம்பை அப்படிக் கரைத்தது இன்றும் உறுத்துகிறது. பத்து வருஷத்துக்குத் தொடாத பணம் என்றால் அந்தக் கணக்குக்குள் பங்குகளை வாங்குங்கள்.

எந்தப் பங்கு என்று தேட வேண்டியதில்லை. ஜோஹன்னஸ்பர்க் பங்குச் சந்தையின் பெரிய 40 கம்பெனிகளை மொத்தமாக வாங்குகிற சாட்ரிக்ஸ் 40 மாதிரி ஒரு ஈடிஎஃப் (பல பங்குகளை ஒரே கட்டாகச் சந்தையில் வாங்குகிற நிதி), கூடவே உலகப் பங்குகளுக்கு ஒன்று, இவ்வளவு போதும். விலை இறங்குகிற வருஷங்கள் வரும், அதனால்தான் பத்து வருஷம் என்றேன். வாங்குமுன் மொத்தக் கட்டணம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 1,00,000 ராண்டுக்குக் கால் சதவீதம் என்றால் வருஷத்துக்கு 250, இரண்டரை சதவீதம் என்றால் 2,500. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அதைப் பிடித்துவிடுவார்கள்.

மாதம் 10 சதவீதம் நிச்சயம் என்று கோயிலில் பழகின அண்ணனே வந்து சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்றில்லை, அவரும் நம்பித்தான் போட்டிருப்பார், 2020 கடைசியில் சரிந்த மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்ற மோசடித் திட்டத்தில் பிட்காயினைப் போட்டவர்களில் எத்தனையோ பேர் சொந்தக்காரர் பேச்சைக் கேட்டுப் போனவர்கள். நிதிச் சேவை தருபவர்களுக்கான எஃப்எஸ்பி உரிம எண்ணைக் கேளுங்கள், அதை அவர்களைக் கண்காணிக்கிற எஃப்எஸ்சிஏ அமைப்பின் தளத்தில் நீங்களே தேடி, பெயரும் அனுமதித்த வேலையும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

500 ராண்டு இல்லையென்றால் 200இல் தொடங்குங்கள். சம்பளம் 25ஆம் தேதி வருகிறதென்றால் மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் பணம் போகிற டெபிட் ஆர்டரை 26க்குப் போடுங்கள்.