சீமெந்துக்குப் பதில் மணலில் செங்கல் தரை

கொழும்பில் வீட்டு விறாந்தைக்கோ சின்ன அறைக்கோ டைல்ஸ் போடக் காசு கட்டுப்படியாகவில்லையென்றால், செங்கல்லைப் படுக்கையாக மணலில் பதித்து நீங்களே தரை போடலாம், மேசன் தேவையில்லை.

கல்லைப் பார்த்து வாங்குவதுதான் முக்கியம். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் அது சரியாக வேகாத கல், கால் பட்டுப் பட்டே பொடியாகும். சதுர அடிக்கு ஏறத்தாழ 4 கல், அதனால் 10க்கு 10 அறைக்கு 400, உடைசலுக்கு இன்னும் 30 சேர்த்து எடுங்கள்.

நிலத்தை வெட்டி மட்டமாக்கி நன்றாக இடித்து இறுக்குங்கள். இந்த ஊர் ஈரத்துக்கு அதன்மேல் தடித்த பொலித்தீனைக் கட்டாயம் விரிக்க வேண்டும் (அறைக்கு மட்டும், மழைபடும் விறாந்தையில் தண்ணீர் கீழே இறங்க வழி வேண்டும், அங்கே பொலித்தீன் வேண்டாம், வெளிப்பக்கம் அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள்). அப்புறம் 2 அங்குலம் மணல் போட்டு நீட்டுப் பலகையால் இழுத்து மட்டம் பார்த்து, கல்லை நெருக்கமாக வைத்து இறப்பர் சுத்தியலால் தட்டுங்கள். ஓரக்கற்களுக்கு மட்டும் சீமெந்து பிடியுங்கள், இல்லையேல் எல்லாம் விலகும்.

கடைசியில் காய்ந்த நைஸ் மணலைத் தூவி இடுக்குகளுக்குள் கூட்டிவிடுங்கள். சில வாரம் கழித்து மணல் இறங்கியிருக்கும், அப்போது இன்னொருமுறை தூவினால் போதும்.