இண்டக்ஷன் அடுப்பு மக்கர் செய்தால்: போர்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

டிஸ்ப்ளேயில் "இ" போட்டு ஓர் எண் வந்துவிட்டால் "போர்டு போச்சு, புதுசு போட்டுடலாம்" என்பதுதான் பல கடைகளில் கிடைக்கும் பதில். பாதிக்கு மேல் அது சரியில்லை. போவது பெரும்பாலும் ஒரு சென்சாரோ, ஒரு பட்டனோ, ஒரு ரெசிஸ்டரோதான். மல்டிமீட்டரும் ஈயம் வைக்கும் பழக்கமும் இருந்தால் அதை நீங்களே பிடித்துவிடலாம். வாரன்டி முடியாத அடுப்பு என்றால் மட்டும் திறக்க வேண்டாம்.

தேவையானவை: கெபாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், தெர்மல் பேஸ்ட், 100 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு (அடுப்புக்குப் போகும் கரன்ட் பல்பு வழியாகவே போகும்படி வயர் செய்தது). எல்இடி பல்பு இதற்கு உதவாது; பழைய இழை பல்புதான் வேண்டும்.

முதலில் உயிர்

இந்த போர்டில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மின்சாரத்தைப் பிரிப்பதில்லை. அதனால் 5 வோல்ட் லைன்கூட மெயின் சப்ளையோடு ஒட்டித்தான் இருக்கிறது. "அஞ்சு வோல்ட்தானே" என்று தொட்டால் 230 வோல்ட்டே அடிக்கும். பல அடுப்புகளில் பாகங்களின் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க்கிலும் கரன்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடாமல், குண்டு பல்பின் இரு வயரையும் அதன் கால்களில் சில நொடி வைத்து எடுங்கள். பிறகு மீட்டரில் 0 வந்ததா என்று பார்த்துவிட்டே கை வையுங்கள்.

திறக்காமலே தீர்வது

பாத்திரம் இல்லை என்று காட்டினால் பாத்திரத்தின் அடியில் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். லேசாக ஒட்டினால் போதாது, இழுத்துப் பிடிக்க வேண்டும். 12 சென்டிமீட்டருக்குக் குறைவான அடியையும், வயிறு உப்பிய பழைய குக்கரையும் பல அடுப்புகள் ஏற்காது.

அடுத்தது பிளக். 2000 வாட் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பாயின்டில் செருகினால் பின் சூடேறி இளகும், லோடு ஏறும்போது வோல்டேஜ் விழும், அடுப்பு லோ வோல்டேஜ் பிழை காட்டி நிற்கும். பவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். அங்கே மீட்டர் 230 காட்டியும் அதே பிழை வந்தால், வோல்டேஜை உணர்ந்து சொல்லும் பெரிய மதிப்பு ரெசிஸ்டர்களில் ஒன்று போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழி கீழே வருகிறது.

பிழை எப்போது வருகிறது?

எண்ணின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; கையேட்டைப் பாருங்கள். அதைவிட முக்கியம் அது வரும் நேரம். ஆன் செய்த உடனே வந்தால் சென்சார் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட். ஐந்து, பத்து நிமிடம் ஓடிய பிறகு வந்தால் நிஜமாகவே உள்ளே சூடாகிறது: ஃபேன், அடைத்த காற்று வழி, காய்ந்துபோன பேஸ்ட்.

அடியில் உள்ள ஸ்குரூக்களைக் கழற்றி கண்ணாடியோடு மேல் மூடியைத் தூக்குங்கள். டிஸ்ப்ளேக்குப் போகும் வயரை இழுத்துவிடாதீர்கள். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கண்ணாடிக்கு அடியில் வட்டமாகச் சுற்றிய செம்புக் காயிலின் நடுவில் வெள்ளைப் பேஸ்ட் பூசி, நரம்பு போன்ற இரண்டு வயரோடு ஒரு மணி இருக்கும். அதுதான் பாத்திரச் சூட்டைப் பார்க்கும் தெர்மிஸ்டர். கனெக்டரைப் பிடுங்கி ஓம் ரேஞ்சில் அளங்கள். பெரும்பாலானவை 25 டிகிரியில் 100 கிலோ ஓம். சூடு ஏறினால் ஓம் இறங்கும். ஆகவே 32 டிகிரி அறையில் 70–75 கிலோ ஓம் வந்தால் அது நல்ல சென்சார். குறைகிறதே என்று தூக்கிப் போடாதீர்கள். வெந்நீர் டம்ளரில் ஒட்டிப் பிடித்தால் எண் மளமளவென்று இறங்கி, 60 டிகிரியில் 25 கிலோ ஓம் பக்கம் வர வேண்டும். எண்ணே வராவிட்டால் அறுந்தது. இறங்கும்போது நடுவில் குதித்தால் வயர் உள்ளே விட்டு விட்டுப் பிடிக்கிறது. புதிதைப் போடும்போது பேஸ்ட் வைத்து கண்ணாடியைத் தொடும்படி உட்கார வையுங்கள். இடைவெளி விட்டால் சூடு தாமதமாகத் தெரியும், பாத்திரம் காய்ந்து கருகும்.

ஹீட்சிங்க் பக்கம் இன்னொரு தெர்மிஸ்டர் உண்டு. அது 10 கிலோவாகவும் இருக்கலாம், 100 கிலோவாகவும் இருக்கலாம். மாற்றுவதானால் அதே மதிப்பு.

ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பான் எச்சமும் சேர்ந்து இறுகியிருந்தால் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

தானாகப் பீப் அடிப்பது, பட்டன் கேட்காதது

பால் பொங்கி வழிந்த மறுநாள் வரும் வியாதி இது. ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும் சின்ன பட்டன் சுவிட்சுக்குள் ஈரம் போய் எப்போதும் அழுத்தியபடியே இருக்கும். மீட்டரைக் கண்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் ரேஞ்ச்) வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்: அழுத்தாமலே பீப் வந்தால் அதுதான். மாற்றும்போது தண்டின் உயரத்தைப் பழையதோடு ஒட்டிப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் மூடியை முறுக்கியதும் ஸ்டிக்கர் அழுத்தி மறுபடி அதே கதை.

அடுப்பே செத்துக் கிடந்தால்

ஃபியூஸ் நன்றாக இருந்தும் டிஸ்ப்ளே வராவிட்டால், 18 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தரும் சின்ன எட்டுக்கால் ஐசியும் அதைச் சுற்றியுள்ள பாகங்களும் பார்க்கப்பட வேண்டும்.

ஃபியூஸ் போயிருந்தால் செம்புக் கம்பி கட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். ஃபியூஸ் காரணமில்லாமல் போகாது. அருகில் நீல நிறக் காசு போல இருக்கும் வேரிஸ்டர் வெடித்திருந்தால் வெளியிலிருந்து ஹை வோல்டேஜ் வந்திருக்கிறது. அதையும் ஃபியூஸையும் மாற்றினால் பல நேரம் வேலை முடிந்தது. வேரிஸ்டர் நன்றாக இருந்தால் ஐஜிபிடியைப் பாருங்கள்; காயிலுக்குப் போகும் கரன்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும், ஹீட்சிங்க்கில் முறுக்கிய மூன்று கால் பாகம் அது. எழுத்து உங்களைப் பார்க்க வைத்தால் இடது கால் கேட், நடு கலெக்டர், வலது எமிட்டர். டயோடு ரேஞ்சில் சிவப்பு முனையை எமிட்டரிலும் கருப்பை கலெக்டரிலும் வைத்தால் 0.4–0.5 வர வேண்டும். இரு பக்கமும் 0 என்றால் ஷார்ட். ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் கூடவே போயிருக்கலாம், அதையும் பாருங்கள்.

அவசரப்படுகிறவர்கள் புது ஐஜிபிடியை மட்டும் போட்டு நேரே பிளக்கில் செருகுவார்கள். "டப்" என்று ஒரு சத்தம், அதுவும் போச்சு. கொன்றவனைப் பிடிக்காமல் செத்தவனை மட்டும் மாற்றினால் இப்படித்தான். பார்க்க வேண்டிய ஆட்கள் நான்கு பேர். கேட்டுக்கும் எமிட்டருக்கும் இடையே, கேட் வோல்டேஜ் எல்லை மீறாமல் பிடிக்கும் 18 வோல்ட் ஜீனர் டயோடு. கேட்டை ஓட்டும் ஜோடி டிரான்சிஸ்டர்கள், பெரும்பாலும் 8050, 8550. காயிலோடு சேர்ந்த 1200 வோல்ட் கெபாசிட்டரும் 5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும். கெபாசிட்டரின் மேல் அச்சிட்ட மதிப்பிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். நான்காவது, காயில் முனைகளிலிருந்து, வோல்டேஜ்களை ஒப்பிட்டுப் பார்க்கும் எல்எம்339 ஐசிக்குப் போகும் சில நூறு கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். இவற்றை போர்டிலிருந்து எடுக்காமல் அளந்தால் மதிப்பு குறைவாகக் காட்டலாம், அது பரவாயில்லை. நிறக்கோடு சொல்வதைவிட அதிகமாகக் காட்டினால் கெட்டதேதான். வோல்டேஜ் உணரும் ரெசிஸ்டருக்கும் இதே சோதனை.

ஐஜிபிடி வாங்கும்போது 1200 வோல்ட், 20 ஆம்பியருக்குக் குறையாமல், உள்ளேயே டயோடு உள்ளதாகக் கேளுங்கள். கால் நுனியில் பழைய ஈயம் ஒட்டியிருந்தால் கழற்றி விற்றது, வேண்டாம்.

சீரிஸ் பல்பில் சோதனை

1. காயிலின் இரு முனையையும் கழற்றிவிட்டு, சீரிஸ் போர்டு வழியாக சப்ளை கொடுங்கள். பல்பு ஒரு முறை மின்னி அணைய வேண்டும். முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது, நிறுத்துங்கள்.

2. மீட்டரின் கருப்பு முனையை பிரிட்ஜின் மைனஸில் வைத்து 18 வோல்ட், 5 வோல்ட் இரண்டையும் பாருங்கள்.

3. அடுப்பு சும்மா நிற்கும்போது கேட்டில் 0 வோல்ட் இருக்க வேண்டும். அங்கே வோல்டேஜ் நின்றபடி இருந்தால் காயிலை மாட்டவே மாட்டாதீர்கள்.

4. சப்ளையை எடுத்து, காயிலை மாட்டி, மூடியை வைத்து, பாத்திரத்தோடு மறுபடி பல்பு வழியாக ஆன் செய்யுங்கள். விட்டு விட்டு மின்னினால் அடுப்பு பாத்திரத்தைத் தேடுகிறது, நல்லது. லோ வோல்டேஜ் பிழை வந்தாலும் பயம் வேண்டாம். அது பல்பின் வேலை.

இதற்குப் பிறகுதான் நேரடி சப்ளை. 2000 வாட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் நான்கு நிமிடத்துக்குள் கொதிக்க வேண்டும். கொதித்ததும் அணைத்துவிடாமல், தண்ணீர் வற்றாமல் ஊற்றியபடி முழு பவரில் 15 நிமிடம் ஓட விடுங்கள். ஹீட்சிங்க்குக்கு பேஸ்ட் சரியாகப் பூசவில்லை, ஐஜிபிடி ஸ்குரூ முறுகவில்லை என்றால் அது அப்போதுதான் தெரியும்.