வானவில் பேரணி நடத்தப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் உள்ளிட்டோர் சுயமரியாதையோடு வீதியில் நடக்கும் வானவில் பேரணியை (Pride) தங்கள் ஊரில் முதன்முறையாக நடத்துகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. போலீஸ் அனுமதி, குடிநீர், முதலுதவி எல்லாம் யாரும் சொல்லாமலே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் முன்பு நடத்தியவர்கள் எங்கே தடுக்கினார்களோ, அங்கேயே இவர்களும் தடுக்குகிறார்கள். அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தலைக்கணக்கு பார்ப்பது

"நூறு பேராவது சேரட்டும்" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். 1999 ஜூலை 2-ஆம் தேதி கொல்கத்தாவில் நடந்தவர்கள் 15 பேர்தான். இந்தியாவின் முதல் பேரணி என்று இன்றைக்கு எல்லோரும் சொல்வது அதைத்தான். தன்னைப் போல இன்னொருவர் இந்த ஊரில் இருக்கிறாரா என்றே தெரியாமல் வளர்ந்தவருக்குப் பத்துப் பேரைக் கண்ணால் பார்ப்பதே பெரிய விஷயம்.

கேமராவைக் கட்டுப்படுத்தாமல் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. காரணம், இந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர் அதைச் செய்தவர் அல்ல.

ஒரு பேரணியில் பின்வரிசையில் ஓர் இளைஞர் நடந்து வந்தார். வீட்டில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தொண்டர் ஒருவர் உற்சாக மிகுதியில் ஃபேஸ்புக் நேரலையைத் திறந்து, வரிசை வரிசையாக முகங்களைக் காட்டிக்கொண்டே போனார். பேரணி முடிவதற்குள் அந்த இளைஞரின் உறவினர் ஒருவர் பார்த்துவிட்டார். அன்று இரவே போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், வேலைக்குப் போவதும் நின்றது. அவர் மீண்டும் எங்களைத் தொடர்புகொள்ளப் பல மாதங்கள் ஆயின. வீடியோவை அழித்துவிட்டோம் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். அழித்து என்ன பயன்?

"வெளிப்படையாக இருக்கத்தானே பேரணி?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் புகுந்ததை எதிர்த்துக் கலகம் வெடித்து ஓராண்டு ஆனபோது, 1970 ஜூனில், அந்நகர வீதியில் பட்டப்பகலில் நடந்தவர்கள் வேலை போகும், வீடு போகும் என்று தெரிந்தே நடந்தார்கள். அது அவர்களாக எடுத்த முடிவு. 2008-இல் டெல்லியில் முதல் பேரணி நடந்தபோது பலர் முகமூடி அணிந்து வந்தார்கள். அதனால் அந்தப் பேரணி ஒன்றும் குறைந்துவிடவில்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்பதை ஒவ்வொருவரும் தாங்களே முடிவு செய்ய வேண்டும். அந்த உரிமையைப் பேரணியே பறித்துக்கொண்டால் சுயமரியாதை என்ற பெயருக்கு என்ன பொருள்?

சரி, என்ன செய்யலாம்? படம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு ரிப்பன் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். நான் அதைத் தலைகீழாக்கச் சொல்வேன். சம்மதிப்பவர்கள் ரிப்பன் கட்டட்டும். கட்டாத எவரையும் எடுக்கக்கூடாது. முதல்முறை பயந்துகொண்டே வருபவர், மேசைக்கு வந்து ரிப்பன் கேட்கமாட்டார். சம்மதித்தவர்களை முன்வரிசையில் நிறுத்தி, பத்திரிகையாளர்களிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். அப்படியும் யாராவது மீறி எடுப்பார்கள் என்பதால் முகமூடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கட்டும். தொண்டர்கள் யாரும் நேரலை போடக்கூடாது. பின்னணியில் தெரியும் முகங்களை மங்கலாக்காமல் ஒரு படம்கூட வெளியே போகக்கூடாது.

எந்தக் கொடி என்ற சண்டை

அமெரிக்கக் கலைஞர் கில்பர்ட் பேக்கர் 1978-இல் உருவாக்கிய முதல் வானவில் கொடியில் எட்டு நிறங்கள். இளஞ்சிவப்புத் துணி போதுமான அளவு கிடைக்காததால் அந்த நிறம் போயிற்று, அப்புறம் ஆறாகக் குறைந்தது. காலத்துக்குக் காலம் மாறிவந்த கொடிக்காகக் கூட்டத்தைப் பிரிக்காதீர்கள். திருநர் கொடி உட்பட எல்லாமே வரட்டும்.

திருநங்கைகளை ஆட மட்டும் அழைப்பது

திட்டமிடும் கூட்டத்தில் அவர்களுக்கு இருக்கை இல்லையென்றால், மேடைக்கும் கூப்பிடாதீர்கள்.

ஸ்பான்சர் பதாகை முன்னால்

கூடாது.

மாலையோடு முடித்துக்கொள்வது

வீட்டில் கேள்விகள் தொடங்குவது பேரணிக்குப் பிறகுதான். யாரோ ஒருவர் பார்த்துச் சொல்லியிருப்பார், அல்லது அந்தத் தைரியத்தில் இவரே சொல்லியிருப்பார். அடுத்த சில வாரங்களுக்கு அழைப்பை எடுக்க ஓர் ஆள், தேவைப்பட்டால் இரண்டு இரவு தங்க ஓர் இடம், தெரிந்த ஒரு வழக்கறிஞர், மனநல ஆலோசகர் என்று முன்பே ஏற்பாடு செய்து வையுங்கள். எண்ணைச் சின்னச் சீட்டில் அச்சிட்டு எல்லோர் கையிலும் கொடுங்கள். அடுத்த சந்திப்பு எங்கே, என்றைக்கு என்பதையும் கூட்டம் கலையும் முன்பே அறிவித்துவிடுங்கள்.