சியானில் முதல் குழியைக் கடைசியில் பாருங்கள்

பள்ளிப் பிள்ளைகளோடு சீனாவின் சியான் நகருக்குப் போகிறீர்களா? வரலாற்று ஆசிரியையாக நான் சொல்வது: பழங்காலச் சீனப் பேரரசரின் கல்லறைக்குக் காவலாகக் குழிகளில் புதைத்த சிலைப்படையான சுடுமண் வீரர்களை, மூன்றாம் குழியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். சின்னது, படைத் தலைமையகம். யார் கட்டளையிட்டார்கள் என்பது புரிந்துவிடும். அப்புறம் இரண்டாவது. அங்கே கிடைத்த, மண்டியிட்ட வில்வீரனின் காலணி அடியில் தையல்கூடத் தெரியும்! என் மாணவி ஒருத்தி அதை மட்டுமே அரைமணி நேரம் வரைந்தாள். அவசரப்படுத்தாதீர்கள். 1974-இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்ட பெரும்படை நிற்கும் முதல் குழி கடைசியில் இருக்கட்டும். ஆளுக்கொரு வீரனின் முகத்தை வரையச் சொல்லுங்கள்.

நுழைவுச்சீட்டை பாஸ்போர்ட் விவரத்தோடு முன்பே எடுத்துவிடுங்கள். மாலையில் மிங் காலக் கோட்டைச் சுவர்மேல் வாடகை சைக்கிள். முழுச்சுற்று கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். சின்னவர்களுக்குப் பாதி போதும்.