சொன்னது நோயாளியிடம் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற செவிலியர்களுக்கும், வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். முதல் விஷயம், "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். சுகர் மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறவர் தலையாட்டத்தான் செய்வார், பின்னால் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது, நர்ஸம்மாவிடம் புரியவில்லை என்று சொல்லக் கூச்சம் வேறு.

அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும்மா, வீட்டுக்குப் போய் மருமககிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" அவர் வாயால் வருவதுதான் போய்ச் சேர்ந்தது. ஒருமுறை ஒரு பாட்டியிடம் "சுகர் நல்லாக் குறைஞ்சிருக்கு" என்று சொல்லி அனுப்பினேன், அடுத்த மாதம் வந்தவர் நோய் போய்விட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்தியிருந்தார். மாத்திரை போடுவதால்தான் குறைந்திருக்கிறது என்ற பாதியை நான் சொல்லவே இல்லை.

சில விஷயங்களைச் சொல்லவைத்தால் போதாது, செய்யவைக்க வேண்டும். இன்சுலின் அப்படித்தான். குப்பியில் 40 என்று (ஒரு மில்லிக்கு 40 யூனிட்) போட்டிருந்தால் சிரிஞ்சிலும் 40 என்றே இருக்க வேண்டும். மெடிக்கலில் 100 சிரிஞ்சை வாங்கி அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான், சுகர் ஏன் இறங்கவில்லை என்று எல்லோரும் குழம்பிக்கொண்டிருப்போம். அதனால் அவர் வீட்டில் போடுகிற சிரிஞ்சையே கொண்டுவரச் சொல்லி, உங்கள் கண்முன்னால் இழுக்கச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ்ஸும் அதே கதைதான். பெரிய பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஆனால் வீட்டில் டம்ளருக்குக் கொஞ்சம் என்று தூவுகிறார்கள், உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. எந்தப் பாத்திரத்தில் கலப்பீர்கள் என்று கேளுங்கள், 1 லிட்டர் தண்ணி பாட்டிலைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது, அதனால் உறையில் போட்டிருக்கும் அளவைக் காட்டிவிட்டே அனுப்புங்கள். ஜிங்க் மாத்திரை வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடிய வேண்டும் என்பதையும் திருப்பிச் சொல்லவையுங்கள்.

பிரஷர்காரர்களிடம் "உப்பைக் குறைங்க" என்றால் எல்லோரும் குறைத்துவிட்டோம் என்பார்கள். சமைக்கிறவரிடம், ஒரு கிலோ உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் என்று வைத்தால் நாலு பேர் வீட்டில் அது 50 நாளாவது வர வேண்டும், ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் அந்த 5 கிராமுக்குள்தான். பதில் 20 நாள் என்று வந்தால் எங்கே பேச வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு தடவைக்கு இரண்டு விஷயம் போதும். அப்புறம், 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே போகிறது, அந்த வாசலில் நிற்கும்போது புதிய ஸ்ட்ரிப்பைக் கொடுப்பதற்கு முன்னால் பழைய ஸ்ட்ரிப்பை எடுத்துவரச் சொல்லி, மிச்சம் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.