பழைய கார்களோடு இரண்டு இரவு: புதுச்சேரிக் கண்காட்சிக்கு முகாம் போட விரும்புவோருக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆகவே எங்கள் கார் கிளப்பைச் சேர்ந்தவர்கள் பழைய கார்க் கண்காட்சிக்காக வெள்ளிக்கிழமையே கிளம்பி இரண்டு இரவு கூடாரத்தில் தங்கப்போகிறோம் என்றால், "வீட்டில் படுத்து எழுந்து போனால் ஆகாதா?" என்ற கேள்வி எல்லார் வீட்டிலும் எழும். ஆகும். ஆனால் 50 வயதைத் தாண்டிய வண்டியை நாள்தோறும் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலில் முதல் கியரிலேயே ஊரவிட்டு ரேடியேட்டரைக் கொதிக்க வைப்பதைவிட, ஒரே முறை கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஞாயிறு மாலை திரும்பக் கொண்டுவருவது அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது. தவிர, கண்காட்சித் திடலில் கூட்டத்துக்கு நடுவே கேட்க முடியாத சந்தேகங்களை இரவு பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்கலாம்.

இப்படிப் பல முகாம்களுக்குப் போய்வந்ததில் நான் கண்ட குறை ஒன்றுதான். எல்லாரும் தங்களுக்கு வசதியான இடத்தை முதலில் பார்த்துவிட்டு, வண்டியை எஞ்சிய இடத்தில் நிறுத்துகிறார்கள். முறை தலைகீழாக இருக்க வேண்டும். மனிதர் ஓர் இரவு கொசுக்கடியில் புரண்டால் மறுநாள் மறந்துவிடுவார். உப்புக் காற்றில் நின்ற தகடு மறக்காது.

காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலையும் பார்த்தவர்களுக்கு, அந்த மாதங்களில் கூடாரம் என்ற பேச்சே வராது. பொங்கல் கழிந்து மாசி முடியும் வரையுள்ள வாரங்களே ஏற்றவை. பங்குனி பிறந்துவிட்டால் பகல் வெயிலில் பழைய இன்ஜின்கள் முரண்டு பிடிக்கத் தொடங்கும்.

இனி இடம். பொதுக் கடற்கரையில் கூடாரம் அடிக்கலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். காவலர்கள் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால், விடியற்காலை வெளிச்சத்தில் அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் ஆசையும் நிறைவேறாது. உரிமையாளரின் அனுமதி பெற்ற தனியார் நிலம்தான் வழி. அதில் மூன்று வகை பொதுவாகக் கிடைக்கும்.

தென்னந்தோப்பு பார்க்க அழகாக இருக்கும். வண்டிக்கு அதைவிட ஆபத்தான நிழல் வேறில்லை. தேங்காய் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை, ஆனால் காய்ந்த மட்டையும் கனமானதுதான் என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். காற்றே இல்லாத ஓர் இரவில் மட்டை ஒன்று கழன்று விழுந்து, எங்கள் கிளப் நண்பர் ஒருவர் அப்போதுதான் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து வந்திருந்த பிரீமியர் பத்மினி காரின் கூரையில் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம் போட்டுவிட்டது. மரத்துக்கு மரம் இடைவெளி எவ்வளவு இருந்தாலும் மட்டை நேராக விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சவுக்குத் தோப்பில் மேலிருந்து கனமாக எதுவும் விழாது. ஆனால் சவுக்கு பெரும்பாலும் கடலோர மணலில் நிற்பது. பின்சக்கரத்தால் ஓடும் அம்பாசிடர் போன்ற கனமான வண்டி அந்த மணலில் இறங்கினால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். அங்கேதான் நிறுத்த வேண்டும் என்றால், சக்கரம் உருளும் தடத்தில் முன்கூட்டியே தென்னங்கீற்றையோ பழைய சாக்குகளையோ பரப்பி, அதன்மேல் வண்டியை மெதுவாக ஏற்றி, வெளியே போக வேண்டிய திசையைப் பார்த்து நிறுத்துங்கள். காய்ந்த சவுக்குச் சருகு நெருப்புக்கு எண்ணெய் போன்றது. வண்டியின் சைலன்சர் சூடாக இருக்கும்போதே சருகு மெத்தையின்மேல் நிறுத்தக் கூடாது.

என் தேர்வு மூன்றாவது வகை. கோரிமேடு, வானூர், ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலங்கள் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் உப்புச் சாரல் குறைவு. தை மாதத்தில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. கடலூர்ப் பக்கம் முகாம் என்றால் கேப்பர் மலைச் சரிவுக்கும் இதே குணம். செந்தூள் குரோமியத்தின்மேல் படியும்தான். அது துடைத்தால் போய்விடும், உப்பு அப்படியல்ல. பாகூர்ப் பக்கத்து வயல்வெளிகள் பச்சைப்பசேல் என்று கூப்பிடும், போகாதீர்கள். ஒரு தூறலுக்கே அந்தக் களிமண் டயரைக் கவ்விக்கொள்ளும்.

காகிதங்களை ஒரு வாரம் முன்பே எடுத்துப் பாருங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை எல்லாருக்கும் வேண்டும். 15 ஆண்டு கடந்த கார்களுக்குப் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான வண்டியை 'விண்டேஜ்' என்று பதிந்து, எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளைப் பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஆகவே முகாமிலிருந்து பால் வாங்கிவர அந்த வண்டியை எடுக்காமல், புது வண்டி ஒன்றையும் கூட்டத்தோடு கொண்டுபோவது நல்லது. ஞாயிறு மாலை திரும்பும்போது டிக்கியில் புதுச்சேரி மதுப்புட்டிகள் இருந்தால், ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் உங்கள் குரோமியத்தை யாரும் ரசிக்க மாட்டார்கள்.

வண்டியைத் தயார் செய்வதில், இன்றைய நிலையில் நான் முதலிடம் தருவது ரப்பர் குழாய்களுக்கு. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் குழாய் ஊதி, பிறகு வெடிப்பு விடும், பம்பின் டயாஃப்ரம் விறைத்துப்போகும். வெளியே தெரியாமல் கசியும் ஒரு சொட்டு, சூடான இன்ஜின்மேல் விழுந்தால் போதும். எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாயை மாற்றி, கிளாம்பை இறுக்கி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். பிளக்குக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பிளாட்டினம் பாயிண்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்துப் பாருங்கள். அம்பாசிடரில் 15 'தவ்' (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்) அளவு, அதாவது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். உதிரிப் பையில் ஒரு ஜோடி பாயிண்ட், கண்டன்சர், ஃபேன் பெல்ட், இரண்டு பிளக், ஹோஸ் ஒரு முழம், கட்டுக் கம்பி, ஸ்டெப்னியும் ஜாக்கியும், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அகலப் பலகையும் இருக்கட்டும். பலகை இல்லாத ஜாக்கி மண்ணுக்குள் இறங்குமே தவிர வண்டியைத் தூக்காது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பினால் பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே ஊரைக் கடந்து, பொழுது சாய்வதற்குள் முகாமை அமைத்துவிடலாம். 6 வோல்ட் டைனமோ வண்டிகளின் முன்விளக்கு அகல் விளக்கைவிடச் சற்றுப் பரவாயில்லை என்ற அளவில்தான் எரியும். இரவில் அவற்றை ஓட்ட வைக்காதீர்கள். மெதுவான வண்டி முன்னால் போகட்டும், மெக்கானிக் வேலை தெரிந்தவர் கடைசியில் வரட்டும். பிரிந்துபோனால் சேர வேண்டிய இடங்களாக கன்னியக்கோயில், தவளக்குப்பம் என்று இரண்டை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஓடிய வண்டி நெரிசலில் திக்கி நின்றுவிட்டால், பெரும்பாலும் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டது என்று பொருள். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டு கால் மணி நேரம் காத்திருந்தால் சரியாகிவிடும். அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கக் கூடாது.

முகாமில் கார்களை அடுக்கும்போது, ஒவ்வொன்றும் மற்றொன்றை நகர்த்தாமல் வெளியேறும்படி நிறுத்தி, நடுவில் ஆம்புலன்ஸ் நுழையும் அகலத்துக்கு வழி விடுங்கள். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு யாரிடமாவது இருந்தால், அவருக்கு முன்பக்கம் கூடுதலாக இடம் வேண்டும்; அதன் முன்பகுதி முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாயும். ஹேண்ட்பிரேக்கை நம்பாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். எண்ணெய் சொட்டாத பழைய இன்ஜின் கிடையாது. அடியில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுவது நிலத்துக்காரருக்கு நாம் செய்யும் மரியாதை, மறுபடி அதே இடம் கிடைக்க அதுவே வழி. சமையல் அடுப்பிலிருந்து கார்களை நோக்கிக் காற்று வீசாதபடி அடுப்பை வைக்க வேண்டும். பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்று இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பிவிடும் என்பதால், மாலையில் சரியாக இருந்த அடுப்பு விடியலில் தவறான இடத்தில் இருக்கும். இரு வேளைக்கும் பக்கவாட்டில் தள்ளி வைப்பதே சரி. தீயணைப்புக் கருவி, உலர்தூள் வகை, இரண்டு வண்டிக்கு ஒன்றாவது கையெட்டும் தூரத்தில் வேண்டும். கூடார முளை மணலில் நிற்காவிட்டால், சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிடுங்கள். முளையைவிட உறுதியாகப் பிடிக்கும்.

தை மாத இரவில் பனிதான் வண்டிக்குப் பெரிய எதிரி. பனி மழைபோல மேலிருந்து விழுவதில்லை. திறந்த வானத்தின்கீழ் நிற்கும் தகடு தன் சூட்டை இழந்து காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துபோவதால், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது. ஆகவே தலைக்குமேல் ஒரு ஷாமியானா துணி இருந்தாலே பாதிக்கு மேல் குறைந்துவிடும். பிளாஸ்டிக் தார்ப்பாயை வண்டியோடு ஒட்டிப் போர்த்துவது தவறு. ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், காற்றில் அது அசையும்போது இடையிலிருக்கும் மணல் உப்புத்தாள்போலப் பெயின்டைத் தேய்க்கும்.

விடியலில் வண்டி கிளம்பாதபோது எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் அதைச் செய்தேன். செல்ஃபை அழுத்தி அழுத்தி, பேட்டரி இறங்கி, கடைசியில் 'டிக்' என்ற ஒலி மட்டும் மிஞ்சியது. எங்களோடு வந்திருந்த வயதான மெக்கானிக் டீ குடித்துக்கொண்டே பார்த்திருந்துவிட்டு, "போதும் தம்பி, அதைக் கொல்லாதே, முதல்ல மூடியைக் கழட்டு" என்றார். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. தோளில் கிடந்த துண்டின் காய்ந்த நுனியால் அதையும் ரோட்டரையும் துடைத்து, பிளக் ஒயர்களைக் கையால் உருவி மாட்டினார். பேட்டரி போய்விட்டதால் ஹேண்டில் போட வேண்டியதாயிற்று. நியூட்ரலில் இருக்கிறதா என்று கியரை ஆட்டிப் பார்த்தார், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடித்தார், கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. இரண்டாம் இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தால், இன்ஜின் எதிர்த்து உதைக்கும்போது முதலில் முறிவது அதுதான் என்று பிறகு சொன்னார்.

பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டு எடுப்பதாக இருந்தால், இரண்டும் ஒரே வோல்ட்தானா என்றும், எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். முகாம் விளக்கையும் செல்பேசி சார்ஜையும் கார் பேட்டரியில் மாட்டாதீர்கள். அதற்குத் தனி பேட்டரி கொண்டுபோங்கள்.

கண்காட்சிக்கு முன் வண்டியைக் கழுவ நிலத்துக்காரரின் போர்வெல்லைக் கேட்பதற்கு முன், அந்தத் தண்ணீரை நாவில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கடலோரக் கிணறுகள் பல உப்புக் கரிக்கும். கரித்தால், கழுவ வேண்டாம். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ரேடியேட்டருக்குக் கேன் தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோதான். திடலில் வண்டிக்கு முன் தயாரிப்பு ஆண்டு, இன்ஜின் அளவு, எதை மாற்றியிருக்கிறோம், எது அசல் என்பதைத் தமிழில் எழுதி வையுங்கள். மாற்றியதை மறைக்க வேண்டாம். தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். 'தொடாதீர்கள்' பலகையைவிட, ஒரு கதவைத் திறந்து வைத்துப் பிள்ளைகளை வரிசையாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தால் மற்ற இடங்களில் கை படுவது குறையும் என்பது என் அனுபவம். பெல்ட் பக்கிளும் கைச் சங்கிலியும் உரசாதபடி பெரியவர்களைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிறு மாலை ஊர் திரும்பியதும் வண்டியைத் துணி போட்டு மூடி விடாதீர்கள். அன்றிரவே நல்ல தண்ணீரால் அடிப்பாகம், மட்கார்டின் உட்புறம், சேசிஸ் இடுக்குகள் எல்லாவற்றையும் பீய்ச்சிக் கழுவி, தெருவில் ஒரு சுற்று ஓட்டி பிரேக்கை மெல்ல மிதித்து டிரம்மை உலர்த்துங்கள். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளில் சவுக்குச் சருகு அடைத்திருக்கும். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் உள்ளே நின்ற தண்ணீர் வடியும். அடுத்த ஞாயிறு பின்சக்கர டிரம்களைக் கழற்றி, பிரேக் ஷூவுக்கு இடையில் மணல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.